படகுகள் குறைவு, பிள்ளைகள் அதிகம்

(பெற்றோர் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



துடுப்பு என்றதும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். நம் பத்திரிகைகள் அப்படிப் பழக்கிவிட்டன. நான் சொல்ல வந்தது பேர வாவியில் காலையில் நீங்கள் பார்க்கிற அந்த நீண்ட, ஒடுங்கிய படகுகளைப் பற்றி. இந்த விளையாட்டு நமக்குப் புதியதல்ல. கொழும்பு ரோயிங் கிளப் 1864இல் தொடங்கியது. அங்கிருந்து மெட்ராஸ் போய்ப் போட்டியிடும் வழக்கத்துக்கும் நூறு ஆண்டுக்கு மேல் வயது. புதியது என்னவென்றால், நம் மஹல்லாவின் பிள்ளைகளும் இப்போது ஆசைப்பட்டு வருகிறார்கள்.

ஆசை பெரிது, படகுகள் சில. சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

"எல்லாரும் ஒரே சந்தா கட்டுகிறோம், என் மகனுக்கு மட்டும் ஏன் அந்தப் பழைய படகு?" என்று ஒரு வாப்பா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் படகைத் தெரிந்தால் பதிலும் தெரியும். ஒருவர் மட்டும் ஓட்டும் போட்டிப் படகு ஏறக்குறைய 8 மீற்றர் நீளம். அகலமோ 30 சென்டிமீற்றர் அளவுதான். நிறை 14 கிலோ. இரண்டு துடுப்புகளையும் விட்டுவிட்டால் அந்தக் கணமே கவிழும். புதிதாக வருபவருக்கு அகலமான பயிற்சிப் படகு கொடுப்பது அவரைத் தாழ்த்துவதற்காக அல்ல. நிறையும் முக்கியம். 80 கிலோ ஆளுக்காகச் செய்த படகில் 50 கிலோ பையன் உட்கார்ந்தால் படகு நீருக்கு மேலே தூக்கி நிற்கும், காற்று அதை ஆட்டிப் பார்க்கும்.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாவிக்கரையில் சில காலம் படகுப் பதிவேட்டை வைத்திருந்தவன் நான். சுபஹுக்குப் பிறகு நீர் கண்ணாடிபோல் இருக்கும். வெயில் ஏறினால் காற்று வரும். அந்த அமைதியான நேரத்தை நன்றாக ஓட்டுபவர்களே முதலில் எழுதிப் பிடித்துவிடுவார்கள். அலையடிக்கும் நேரம் மிஞ்சுவது யாருக்கு? நேராகப் பிடிக்கவே தெரியாதவர்களுக்கு. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று நான்கு பிள்ளைகள் சொல்லாமலே நின்றுபோனார்கள். அதில் என் பங்கும் உண்டு.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று நடந்தது. படகின் இரு முனைகளிலும் காற்றறைகள் உண்டு. கவிழ்ந்தாலும் படகு மிதப்பது அவற்றால்தான். ஓர் அறையின் மூடி தொலைந்துவிட்டது. தொலைத்தவர் திறமையான ஓட்டுநர். பணம் கட்டச் சொல்வார்களோ என்று பயந்து பதிவேட்டில் எழுதவில்லை. நானும் கொட்டகையில் படகைத் திருப்பிப் பார்க்கவில்லை. அடுத்த காலை புதிய பையன்கள் இருவர் அதே படகில் போய்க் கவிழ்ந்தார்கள். அறைக்குள் நீர் நிறைந்து பின்பக்கம் அமிழ்ந்தது. கரைக்கு நீந்த முயலாமல், சொல்லிக்கொடுத்தபடி படகைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். பயிற்றுநரின் மோட்டார் படகு வந்துசேர்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒரு பையனின் உம்மா அதற்குப் பிறகு அவனை அனுப்பவில்லை. அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

அதன் பின் நாங்கள் சிலவற்றை மாற்றினோம். சேதத்தை அன்றே எழுதுபவரிடம் ஒரு ரூபாயும் கேட்பதில்லை, மறைத்தவரிடம்தான் கேள்வி. பழுதான படகில் சிவப்புத் துணி கட்டினோம். கட்டியவர் யாராயிருந்தாலும், பொறுப்பாளர் அவிழ்க்கும் வரை யாரும் அதைத் தொடக்கூடாது. கிழமையில் இரண்டு நாள் அதிகாலை நேரம் புதியவர்களுக்கே. ஒற்றைப் படகு வேண்டும் என்கிற மூத்தவர், கிழமைக்கு ஒரு முறை புதியவர்களோடு எட்டுப் பேர் படகில் ஏற வேண்டும்.

இந்தக் கடைசி விதிக்குத்தான் முணுமுணுப்பு அதிகம். பலனும் அதிலிருந்துதான் அதிகம் வந்தது. மூத்தவர்கள் முன்னும் பின்னும் உட்காருவார்கள், புதியவர்கள் நடுவில். நான்கு பேர் வலிக்கும்போது மற்ற நான்கு பேர் துடுப்பை நீர்மேல் தட்டையாக வைத்துப் படகைச் சமநிலையில் நிறுத்துவார்கள். தனியாக ஒரு மாதம் தடுமாறுகிறவன், இப்படி உட்கார்ந்தால் சில நாட்களிலேயே தாளத்தைப் பிடித்துக்கொள்கிறான்.

போட்டி நெருங்கும்போது நல்ல படகை அந்தக் குழுவுக்கே ஒதுக்கத்தான் வேண்டும். அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் தொடங்கும் திகதியோடு முடியும் திகதியையும் எழுதி ஒட்டுங்கள். முடிவுத் திகதி இல்லாத ஒதுக்கீடு சொந்தமாகிவிடும். பார்த்திருக்கிறேன்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். "என் பிள்ளையை எப்போது மேல் படகுக்கு ஏற்றுவீர்கள்?" என்று பயிற்றுநரை நெருக்காதீர்கள். சாதாரண உடையோடு 50 மீற்றர் நீந்திக் காட்டட்டும். கவிழ்ந்த படகிலிருந்து காலை விடுவித்து வெளியே வரட்டும். காலணியின் குதிப்பகுதியில் ஒரு சிறு கயிறு இருக்கும். குதிகாலை அது பிடித்து நிறுத்தினால்தான் கால் வெளியே வரும். பிள்ளை படகில் ஏறுமுன் அது அறுந்திருக்கிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

பதிவேடு இதோ மேசையில் இருக்கிறது. பெயர், வயது, நிறை மூன்றையும் எழுதிவிட்டுப் போங்கள். நிறையைக் கூட்டியோ குறைத்தோ எழுத வேண்டாம். வஸ்ஸலாம்.