எந்த நாணயம்?



வக்கீல் எனின் நீதிமன்றத்தில் வழக்காடுபவர் என்றே நம்மவர் பலரும் எண்ணுகின்றனர். வழக்கு வாராமற் காக்கும் வக்கீலும் உளர். அயல்நாட்டு மூலதனத்தைக் கொண்டு இந்நாட்டில் மின்னிலையம் எழுங்கால், இருதிறத்தாரின் ஒப்பந்த வாசகத்தை ஆய்ந்து எழுதுபவர் அவரே.

அவ்வெழுத்தின் வலிமையைத் தாபோல் மின்னிலையம் காட்டிற்று. அதனை மகாராஷ்டிரத்து இரத்தினகிரி ஜில்லாவில் நிறுவ முன்வந்தது அமெரிக்க என்ரான் கம்பெனி. 1993-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர மின்சார வாரியம் ஒப்பந்தஞ் செய்தது. மின்சாரத்தைக் கொண்டாலும் கொள்ளாவிடினும் வாரியம் நிலைக்கட்டணம் செலுத்துதல் வேண்டும். விலையோ டாலரைத் தழுவியது. 1999-இல் நிலையம் இயங்கத் தொடங்கியது. டாலருக்கெதிரே ரூபாய் தாழத் தாழ வாரியத்தின் சுமை ஏறிற்று. 2001-இல் நிலையம் நின்றது. பிணக்கு இலண்டனில் நடுவர்முன் சென்றது. அவ்வாண்டு டிசம்பரில் என்ரானும் நொடித்தது.

விருதுநகர் மண்டிகளில் நாணயம் என்றால் சொல் தவறாமை. அது நம் முன்னோர் தேடிவைத்த செல்வம். ஆயினும் அயல்நாட்டாருடன் கையொப்பமிடுமுன், எந்த நாணயத்திற் கடன், அதன் மதிப்பு மாறின் நட்டம் யாருக்கு, பிணக்கு நேரின் எவ்வூரில் விசாரணை எனக் கேட்டல் வேண்டும். சிவகாசி அச்சகத்தார் ஜெர்மானிய இயந்திரந் தருவிக்கையிலும் இவ்வினாக்கள் எழுவனவே.

இவற்றைக் கேட்கவல்லார் நம் குடும்பங்களில் தோன்றுக! இத்துறையில் தேர்ச்சி பெறப் பல்லாண்டு செல்லும். முதல் வருஷத்திலேயே வருமானம் எங்கே என்று பிள்ளைகளை நெருக்காதீர்கள். ஆண்மக்களோடு பெண்மக்களையும் சட்டம் பயில்விக்குமாறு வேண்டி அமர்கின்றோம்.