வீட்டிலோர் தச்சுச் சாலை
(வாலிபர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சமயச் சொற்பொழிவுகள் பல ஒலித்த இம்மண்டபத்திலே, இன்று உளியையும் சீவுளியையும் பற்றிப் பேச நிற்கிறேன். இது நமக்குப் புறம்பான பொருளென்று எவரும் எண்ண வேண்டாம்.

கண்டிக்கு அண்மையில், உடுநுவரையில் எம்பெக்கே ஆலயம் இருக்கிறது. கம்பளையிலிருந்து ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு மன்னன் காலத்தில், 14ஆம் நூற்றாண்டில் எழுந்தது. கந்தப்பெருமானுக்கு உரியது. அங்குள்ள மேள மண்டபத்தின் மரத்தூண்களிலே பின்னிய அன்னங்களும், இரட்டைத் தலைக் கழுகும், மல்லரும், ஆடல் மகளிரும், பிள்ளையை ஏந்திய தாயும் உயிரோடு நிற்கின்றனர். அண்ணாந்து பாருங்கள். கூரையின் 26 கைமரங்களை ஒரே ஒரு மர முளை பற்றி நிற்கிறது! அத்தகைய வேலைத் தலைவரை அந்நாளில் மூலாச்சாரி என்றனர். ஆசாரியன் என்ற சொல் குருவையும் குறிக்கும், தச்சரையும் குறிக்கும். அந்த மரியாதையை இன்று நாம் எங்கே தொலைத்தோம்?

பிறரைக் குறை கூறுமுன் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தந்தையார் தோட்டமொன்றிலே தச்சு வேலை செய்தவர். எல்லாரும் அவரை ‘பாஸ்’ என்றே அழைப்பார்கள். பாடசாலைப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்திலே நான் ‘எழுதுவினைஞர்’ என்று எழுதினேன். கையொப்பமிட வந்தவர் அதைப் படித்தார். ஒன்றும் சொல்லாமல் கையொப்பமிட்டார். அவர் மறைந்து பல்லாண்டு கழித்தே அவருடைய கருவிப் பெட்டியைத் திறந்தேன். சீவுளியின் கைப்பிடியில் அவர் விரல் தேய்த்த பள்ளம் இருந்தது. என் விரல் அதிலே சரியாகப் பொருந்திற்று. அன்று தொடங்கியதே என் தச்சுச் சாலை.

இனி, செய்முறைக்கு வருவோம்.

முதலாவது, இடம். தனி அறை வேண்டியதில்லை. விறாந்தையில் எட்டடிக்கு ஆறடி இடம் போதும். வெளிச்சமும் காற்றும் வேண்டும், சாரல் படக்கூடாது. நம் ஊரின் ஈரம் இரும்பைத் தின்னும். ஆகவே கருவிகளை மண்சுவரில் மாட்டாமல், சுவரிலிருந்து சற்று விலக்கி அடித்த பலகையில் மாட்டுங்கள். வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

இரண்டாவது, மேசை. நீங்கள் முதலிற் செய்யவேண்டிய பொருள் அதுவே. நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரம் ஏற்றது. பலகை இரண்டங்குலத் தடிப்பாவது இருக்கட்டும். கால்கள் அசையுமானால் சீவுளி ஒருபோதும் நேராக ஓடாது.

மூன்றாவது, கருவி. கடையிற் கண்டதையெல்லாம் வாங்காதீர்கள். ஒரு கைவாள், ஒரு சீவுளி, கால், அரை, ஓரங்குல உளிகள் மூன்று, கொட்டாப்புளி, மூலைமட்டம், அளவு நாடா, துறப்பணம், சாணைக்கல் ஆகியவற்றோடு தொடங்கலாம். இவற்றுள் தலையாயது சாணைக்கல். மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுக்க வேண்டும். அதிக பலம் கொடுக்கும்போதே கை வழுக்கிக் காயம்படும். வாள்களை ஒருபுறம், உளிகளை ஒருபுறம் எனத் தொங்கவிட்டு, ஒவ்வொன்றின் உருவையும் பலகையிலே கோடிட்டு வையுங்கள். எது திரும்பி வரவில்லை என்பது ஒரே பார்வையில் தெரியும்.

நான்காவது, மரம். பலா, தேக்கு, மகோகனி நம் பக்கத்தில் கிடைப்பன. தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியா கைபழகுவதற்கு நல்லது. அறுத்த பலகையை நிலத்திற் போடாதீர்கள், கறையான் காத்திருக்கிறது. அடியில் கட்டை கொடுத்து, பலகைக்குப் பலகை ஓரங்குலக் குச்சி வைத்து, நிழலிலே காற்றோட விடுங்கள். ஓரங்குலத் தடிப்புக்கு ஓராண்டு என்பது பழைய கணக்கு. நான் அவசரப்பட்டுப் பச்சைப் பலாவிலே சுவாமி மாடம் ஒன்று செய்தேன். மாசி மாத வறட்சியில் அது நடுவே பிளந்தது. உலர்ந்த மரமும் மழைக்காலத்தில் அகலத்திலே சற்றுப் பருக்கும். அதனால் கதவுக்கும் இழுப்பறைக்கும் சிறிது இடைவெளி விடுவதே அறிவு.

ஐந்தாவது, காவல். மரத்தூளைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியதென்று 1995இல் சர்வதேச புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியது. மூக்குக்குத் தூசிக்கவசமும் கண்ணுக்குக் கண்ணாடியும் அணியுங்கள். மின்வாளுக்குமுன் தொங்கும் சால்வையோ தளர்ந்த கையோ கூடாது. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால் தானே தீப்பற்றக்கூடும். விரித்து வெளியே உலர்த்துங்கள்.

வீட்டிலே தொழிற்கூடம் வைப்பது படித்தவனுக்குத் தகாதது என்பீர்களா? கண்டி நாட்டுக் கைவினைகளை ஆராய்ந்து பெருநூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி அவர்கள், 1907, 1908ஆம் ஆண்டுகளிலே இங்கிலாந்தில் தமது இல்லத்திலேயே கையச்சுப் பொறி நிறுத்தி அந்நூலை அச்சிட்டார். கைத்தொழிலைப் புகழ்ந்ததோடு நில்லாமல் அதற்கு வீட்டிலும் இடம் கொடுத்தார்.

அன்பர்களே! ஆண்டுக்கொரு நாள் உளிக்கும் சுத்தியலுக்கும் பொட்டிட்டுப் பூசை செய்கிறோம். மறுநாள் அவற்றைப் பிடித்த கையைத் தாழ்வாகப் பார்க்கிறோம். இது பூசையாகுமா? பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் வீட்டில் துருப்பிடிக்கும் கருவிப் பெட்டி இருந்தால் ஒரு பையனை அழைத்துத் திறந்து காட்டுங்கள். வாலிபர்களுக்கு ஒரு விண்ணப்பம்: தனியே வாங்க இயலாவிடின் மூவர் கூடி ஒரு மேசை அமையுங்கள். தந்தை தச்சரானால், படிவத்தில் தச்சர் என்றே எழுதுங்கள்.

நான் அன்று எழுதாத அந்தச் சொல்லை இன்று இச்சபையிலே சொல்லிவிட்டேன். என் தந்தையார் ஒரு தச்சர்.