மரியாவின் சட்டியும் யாக்கோபின் பாட்டும்



பெருநாளைக்கு முதல்நாள் இரவு உங்கள் உம்மா வட்டிலப்பம் அவிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் கலந்த பாத்திரத்தை அவர் நேரே நெருப்பில் வைப்பதில்லை, கொதிநீருக்குள் இறக்குவார். சூடு பைய ஏறும், முட்டை திரையாது. இந்த முறைக்குப் பிரெஞ்சில் ‘மரியாவின் குளியல்’ என்று பெயர். அந்த மரியா, எகிப்தில் வாழ்ந்ததாகக் கருதப்படும் யூதப் பெண், இரசவாதி.

அவருடைய நூல் முழுதாக மிஞ்சவில்லை. கி.பி. 300 அளவில், இன்றைய அக்மீம் ஊரைச் சேர்ந்த ஸோசிமோஸ் கிரேக்கத்தில் எழுதும்போது, சில கருவிகளை மரியா இப்படிச் செய்யச் சொன்னார் என்று பெயரோடு குறித்துவைத்தார். அதனால்தான் மரியாவை அறிவோம். பின்வந்த கிரேக்கர் சிலர் பொன் செய்யும் கலையைக் கவிதையாகவே பாடினர். அதே அக்மீமில் பிறந்தவர்தான் 9ஆம் நூற்றாண்டு சூஃபி துன்னூன் மிஸ்ரி. அரபு நூல்கள் அவரைக் கீமியா என்ற இரசவாதம் அறிந்தவராகவும் சொல்கின்றன.

நம் பக்கத்தில், இராமதேவர் என்ற சித்தர் மக்கா சென்று யாக்கோபு ஆனார் என்பது மரபு. அவர் பெயரில் வழங்கும் வைத்திய நூல்களும் பாட்டுத்தான். மருந்தை ஏன் பாட்டாக எழுதினார்கள் என்பது எனக்கு வீட்டிலேயே விளங்கியது.

என் உம்மாவின் வாப்பா பரியாரி. கல்வத்தில் மருந்து அரைக்கும்போது வாய்க்குள் ஒரு பாட்டு ஓடும். பாட்டு முடியும்வரை குழவி நிற்காது. கடிகாரம் பார்த்து அவர் அரைத்ததே இல்லை. சரக்கின் அளவு, பக்குவம், அரைக்கும் நேரம் எல்லாம் அந்த ஓசைக்குள் இருந்தன. அவர் மௌத்தானபின் ஏட்டுக்கட்டு மட்டும் எங்களிடம் இருந்தது. வாசிக்க ஆளில்லை. அவர் உயிரோடிருந்தபோது பல்கலைக்கழகத்தில் இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்த நான், ஒரு நாளாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதவில்லை. அது இன்றும் நெஞ்சில் உறுத்துகிறது.

பட்டதாரிகளே, இந்த மண்டபத்தில் விஞ்ஞானம் படித்தவர்கள் ஒரு பக்கமும் அரபும் தமிழும் படித்தவர்கள் மறுபக்கமும் இருக்கிறீர்கள். நிந்தவூரிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் முறிவுக்கும் விஷக்கடிக்கும் மருந்து கட்டிய முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இருவர் இருவராகப் போங்கள். ஒருவர் பாட்டை எழுதட்டும், மற்றவர் சரக்கை நிறுக்கட்டும். சொன்னவரின் பெயரை முதல் வரியில் எழுதுங்கள்.