சிறு மேகமும் சிற்றூர் மழையும்

(ஊராட்சி உறுப்பினர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நம் வயலில் மழை பெய்ய, அடுத்த ஊர் வரப்பு காய்ந்து கிடப்பதை நாம் கண்டிருக்கிறோம். மேகத்தின் போக்கை விஞ்ஞானிகள் எவ்வாறு ஆராய்கின்றனர் என்பதை இன்று சிந்திப்போம்.

வெப்ப மண்டலக் கடல்களின் மேல், இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரமே வளரும் குட்டை மேகங்கள் உண்டு. இவற்றில் பனிக்கட்டி இல்லை. நுண்துளிகள் மோதி இணைந்தே மழைத்துளியாகின்றன. 2004 நவம்பர் முதல் 2005 ஜனவரி வரை, கரீபியக் கடலில் ஆன்டிகுவா, பார்புடா தீவுகளருகே விமானங்களும் கப்பலும் ராடாரும் கொண்டு இவற்றை ஆராய்ந்தனர். இம்முயற்சியின் பெயர் 'ரைக்கோ'.

பின்னர், அங்குக் கண்ட அளவுகளைக் கொண்டு கணிப்பொறிக்குள்ளேயே ஒரு வானத்தை அமைத்தனர். நீளமும் அகலமும் 12.8 கிலோமீட்டர், உயரம் 4 கிலோமீட்டர். வயலில் பாத்தி கட்டுவது போல், அதனை 100 மீட்டர் அகலமும் 40 மீட்டர் உயரமும் உள்ள 16 இலட்சத்துக்கு மேற்பட்ட கட்டங்களாகப் பிரித்தனர். ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றை விநாடிக் கணக்கில் கணித்து, 24 மணி நேர வானிலையை உருவாக்கினர்.

பல குழுவினர் இதே கணக்கைத் தத்தம் முறையில் செய்தனர். முடிவுகள் 2011-இல் வெளியாயின. மேகங்களின் பொதுத் தன்மை ஓரளவு ஒத்திருந்தது; மழையின் அளவோ மிகவும் வேறுபட்டது. துளிகள் சேர்வதைக் கணக்கிடும் முறை வேறுபட்டதே இதற்கு முக்கிய காரணமாகும்.

மற்றோர் உண்மையும் உண்டு. பெய்யும் மழையில் ஒரு பகுதி கீழே சேருமுன் ஆவியாகிக் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்து கனத்த காற்று இறங்கிப் பரவி, விளிம்பிலுள்ள வெப்பக் காற்றை மேலே தள்ளுகிறது. அங்கே புது மேகம் பிறக்கிறது.

இதனால் நமக்கென்ன பயன் என்று கேட்கலாம். 2024 அக்டோபர் 24-இல் ஊராட்சி வாரியான வானிலை முன்னறிவிப்பு தொடங்கப்பெற்றது. 2025 மே மாதம் நம் நாட்டில் தொடங்கிய புதிய முன்னறிவிப்பு முறையின் கட்டம் 6 கிலோமீட்டர். அத்தகைய ஒரு கட்டத்தின் பரப்பில், ரைக்கோ கணக்கின் 100 மீட்டர் கட்டங்கள் 3,600 அடங்கும். சிறு மேகம் அதனுள் ஒளிந்துவிடும். ஆகவே அறிவிப்பு பொதுவாகச் சரியாயிருந்தும், நம் வயல் நனையாமற்போகலாம்.

ஒரு மழையை நம்பி விதைத்து, விதை கெட்டால் நட்டம் உழவருக்கே. ஆதலின் அறிவிப்பைக் கேட்போம். மண்ணைத் தோண்டி ஈரம் பார்த்து விதைப்போம். ஊராட்சிதோறும் மழைமானி வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்கு அளந்து எழுதி வைப்போம். கணிப்பொறியின் கணக்கைச் சரிபார்க்க உதவுவது அளந்தறிந்த மழையே. அப்பணி நம் கையில் உள்ளது.