எத்தனை பேப்பர்? என்ன பயன்?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நரம்புப் பொறியியல் பற்றி மாணவர்களுக்குப் புரியும்படி பேசச் சொன்னார் செயலாளர். எலெக்ட்ரிகல் படித்தவனுக்கு மூளையைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். மூளையும் மின்சாரத்தில்தானே வேலை செய்கிறது, எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு! துறை முழுவதையும் சொல்ல நேரம் போதாது. ஒரே ஒரு ஆராய்ச்சியாளரின் கட்டுரைகளை எடுத்துக்கொள்கிறேன். அவர் பெயர் எபர்ஹார்ட் ஃபெட்ஸ். எம்.ஐ.டி.யில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய் மூளை ஆராய்ச்சியில் இறங்கியவர்.

1969-ல் 'சயின்ஸ்' இதழில் அவருடைய கட்டுரை ஒன்று வெளிவந்தது. நாலே பக்கம், எழுதியவர் அவர் ஒருவரே. குரங்கின் மூளையில் உடல் அசைவை நடத்தும் பகுதியில் மெல்லிய எலெக்ட்ரோடை வைத்து, ஒரு நரம்புச் செல்லின் துடிப்பைப் பிடித்தார். துடிப்பு கூடினால் குரங்குக்கு எதிரே இருந்த மீட்டரின் முள் நகரும். போதுமான அளவு நகர்ந்தால் ஒரு தீனி உருண்டை கிடைக்கும். அவ்வளவுதான் ஏற்பாடு. குரங்கு கற்றுக்கொண்டது! சில பயிற்சிகளுக்குப் பிறகு, புதிதாகப் பிடித்த செல்லின் துடிப்பைக்கூட 50 முதல் 500 சதவீதம் வரை அதனால் கூட்ட முடிந்தது.

அடுத்து, எந்தச் செல் எந்தத் தசையை இயக்குகிறது என்று தேடினார். தசையின் மின்பதிவில் இரைச்சல்தான் அதிகம். செல் துடிக்கும் ஒவ்வொரு முறையும் தொடர்ந்து வரும் தசைப் பதிவை எடுத்து, ஆயிரக்கணக்கில் சேர்த்து சராசரி பார்த்தால், இரைச்சல் அடங்கி ஒரு சின்ன மேடு தெரியும். சிக்னல் ப்ராசஸிங் படிக்கும் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

2008-ல் 'நேச்சர்' இதழில் மோரிட்ஸ், பெர்ல்மட்டர் ஆகியோரோடு சேர்ந்து இன்னொரு கட்டுரை. மரத்துப்போகும் மருந்தால் குரங்கின் கையைத் தற்காலிகமாகச் செயலிழக்க வைத்து, மூளைச் செல்லின் துடிப்பை மின்தூண்டலாக மாற்றி நேரே தசைக்கு அனுப்பினார்கள். மணிக்கட்டு மறுபடி வேலை செய்தது. 1969-க்கும் 2008-க்கும் நடுவில் 39 வருஷம்! மீட்டர் முள் இருந்த இடத்தில் இப்போது சொந்தக் கை.

இதற்குள் மற்றவர்களும் அந்தப் பாதையில் வெகுதூரம் போய்விட்டார்கள். கை கால் செயலிழந்த ஓர் இளைஞர் நினைப்பாலேயே கணினித் திரையில் அம்புக்குறியை நகர்த்திய செய்தி 2006-ல் வந்தது. இன்னொருவர் கையால் எழுதுவதாக மனசுக்குள் நினைக்க, நிமிஷத்துக்கு 90 எழுத்து திரையில் விழுந்ததை 2021-ல் வெளியிட்டார்கள்.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. நம் சங்கம் ஆராய்ச்சி விருது ஒன்று தொடங்குகிறது. நல்ல காரியம். ஆனால் பேப்பருக்கு இத்தனை மார்க் என்று கூட்டிப் போடும் வரைவைப் பார்த்தேன். அந்தக் கணக்கில் 1969 கட்டுரைக்கு ஒரு பேப்பரின் மார்க்தான். ஒரே சோதனையை ஐந்தாக உடைத்து எழுதுகிறவருக்கு ஐந்து மடங்கு!

எண்ணிக்கை என்றால் சிபாரிசு நுழையாது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். நியாயமான கவலைதான். நிறைய எழுதுவதும் குற்றமில்லை. ஃபெட்ஸும் நிறைய எழுதியவர்தான். என் யோசனை இதுதான்: விண்ணப்பிப்பவர் தன் கட்டுரைகளில் சிறந்த ஒன்றை மட்டும் கொடுக்கட்டும். வெளியூர் பேராசிரியர்கள் இரண்டு பேர் அதை முழுசாகப் படிக்கட்டும். பிறகு அவர் மாணவர்கள் முன்னால் நின்று, "நான் கேட்ட கேள்வி இது, கிடைத்த பதில் இது, இதை வைத்து அடுத்தவர் இன்னின்னது செய்யலாம்" என்று விளக்கட்டும். எல்லோர் முன்னாலும் நடக்கும் காரியத்தில் சிபாரிசு அவ்வளவு சுலபமாக நுழையாது.

மாணவர்களே, உங்கள் ப்ராஜெக்டுக்கும் இதே மூன்று கேள்விதான். பொதுக்குழு இந்த யோசனையை இன்று மாலையே விவாதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.