காசு கொடுத்தது யார்னு கேளுங்க!

(ஒரகடம் தெருமுனைக் கூட்டத்தில் பேசியது)



மழை தப்பினாலும் நட்டம் நமக்கு, கொட்டித் தீர்த்தாலும் நட்டம் நமக்கு. ஆனால் ‘புகையால் பூமி சூடாகுதுங்கறது நிச்சயமில்லை’ என்று பேசவே 1989-ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் வைத்தார்கள். பேரு, உலகத் தட்பவெப்பக் கூட்டணி. கேட்டா விஞ்ஞானிகள் சங்கம் மாதிரி இருக்கும். உள்ளே இருந்தது எண்ணெய், நிலக்கரி, கார் கம்பெனிகள்! நம்ம மறைமலை நகரில் 2022 வரை கார் செய்த ஃபோர்டும் இருந்தது. இப்போ ஒரகடத்தில் லாரி செய்யும் டெய்ம்லரும், கிரைஸ்லரோடு ஒன்றாக இருந்த காலத்தில், அதில் இருந்தது.

1995-லேயே சங்கத்தின் சொந்த நிபுணர்கள், ‘இந்த விஞ்ஞானத்தை மறுக்க முடியாது’ என்ற கருத்தை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஊருக்குச் சொன்னதோ வேறு. அந்தக் காகிதம் 2009-ல்தான் அம்பலத்துக்கு வந்தது.

1999 டிசம்பரில் ஃபோர்டு விலகியது. அடுத்த மாதமே டெய்ம்லர் கிரைஸ்லரும் விலகியது. 2002-ல் சங்கமே கலைந்தது. உள்ளே இருந்தவனே கழன்றுகொண்ட பேச்சை நாம் ஏன் நம்பணும்?

நாளைக்கு நம்ம ஊரிலும் ‘ஏரிக்கு ஒண்ணும் ஆகாது, நிலத்தடி நீர் குறையாது’ என்று ஆய்வறிக்கை நீட்டுவார்கள். படிப்பைப் பார்த்து மிரளாதீங்க. காசு கொடுத்தது யார்னு கேளுங்க. கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்க!