‘பிரிஸ்க்’ என்றால் என்ன?

(நமது நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

ஐந்தே நிமிடத்தில் முடித்துவிடுகிறேன்.

நம்மில் பலருடைய மருந்துச் சீட்டில் ‘பிரிஸ்க் வாக், தினமும் 30 நிமிடம்’ என்று இருக்கும். எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்த அன்று டாக்டர் இதைத்தான் எழுதினார். ‘வாக்’ மட்டும்தான் என் கண்ணில் பட்டது. தினமும் காலையில் நாலு பேரோடு நடப்பேன். நடுவே இரண்டு இடத்தில் நின்று அரசியல், கடைசியில் டீ. ஒரு வருஷம் ஆகியும் சர்க்கரை இறங்கவில்லை. என் நண்பர் ஒருவர் ‘பிரிஸ்க்’ என்றால் வேகம் என்று எடுத்துக்கொண்டு, ஓடாத குறையாக நடந்தார். மூட்டு வலி வந்து, நடப்பதையே விட்டுவிட்டார்.

தேர்தல் நாளில் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘பிரிஸ்க் போலிங்’ என்று எழுதும். நம் பத்திரிகைகள் ‘விறுவிறுப்பான வாக்குப்பதிவு’ என்று எழுதும். அங்கே யாரும் ஓடுவதில்லை. வரிசை தேங்காமல் நகர்கிறது, அவ்வளவுதான். தீபாவளி விற்பனையையும் இப்படித்தான் சொல்கிறோம். சின்ன வயதில் அம்மா ‘விறுவிறுன்னு நட’ என்று சொன்னாரே, அதுதான் பிரிஸ்க்.

நேரில் பார்க்க வேண்டுமா? காலை வேலை நேரத்தில் பட்டரவாக்கம் ஸ்டேஷனுக்குப் போங்கள். ரயிலை விட்டு இறங்கித் தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களைக் கவனியுங்கள். கையை வீசி, ஒரே சீராக, எங்கும் நிற்காமல் நடப்பார்கள்.

கணக்குச் சொன்னால், நிமிடத்துக்குச் சுமார் 100 காலடி. எண்ண முடியாதவர்களுக்கு ஒரு சுலபமான வழி: நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. பாட்டு வந்தால் வேகம் போதாது. பேச்சே வரவில்லை என்றால் வேகம் அதிகம். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து நாள், அரை மணி நேரம் போதும். ஐம்பது வயதுக்காரரின் விறுவிறுப்பு வேறு, எண்பது வயதுக்காரரின் விறுவிறுப்பு வேறு. பக்கத்தில் போகிறவரோடு போட்டி வேண்டாம். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நின்றுவிடுங்கள், டாக்டரைப் பாருங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். சீட்டில் புரியாத வார்த்தை இருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள். கேட்க வெட்கப்பட்டு நான் ஒரு வருஷத்தை வீணடித்தேன். அரசியலும் டீயும் எங்கும் போய்விடாது, நடந்து முடித்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.